மைக்ரேஷன் ஏஜென்ட்டுகளுக்கான ஒரு வருஷ சிபிடி பேக்கேஜ், முழுசா முடிச்சிட்டு எழுதுற ரிவ்யூ

ஆஸ்திரேலியால ரெஜிஸ்டர்ட் மைக்ரேஷன் ஏஜென்ட்டா (விசா விஷயத்துல ஆலோசனை சொல்றவங்க) இருக்கறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, ரெஜிஸ்ட்ரேஷன் 12 மாசத்துக்குத்தான், திரும்ப புதுப்பிக்கணும்னா 10 சிபிடி பாயின்ட் (தொழில் அறிவ தொடர்ந்து புதுப்பிச்சுக்கற பயிற்சிக்கான புள்ளி) முடிச்சிருக்கணும். நெறைய பேரு கடைசி ரெண்டு வாரத்துல கெடைச்சத வாங்கி, வீடியோவ ஒரு பக்கம் ஓடவிட்டுட்டு இன்னொரு பக்கம் ஃபைல் பாப்பாங்க. நானும் முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் செஞ்சேன், அது தப்புன்னு இந்த வருஷம்தான் புரிஞ்சுது. அதனாலதான் ஒரு வருஷ பேக்கேஜ் எடுத்து எல்லா செஷனையும் லைவ்லயே உக்காந்து பாத்தேன். கம்பெனி பேரு போடல, ஏன்னா ரெண்டு இடத்துல கொறையும் சொல்லப்போறேன். எத வச்சு ஒரு கோர்ஸ எடை போடணும்னு சொல்லத்தான் இத எழுதுறேன்.

முதல்ல நல்லது. ஏஆர்டி, அதாவது விசா மறுப்ப மறுபரிசீலனை பண்ற ட்ரிப்யூனல் பத்தின செஷன் ஒண்ணுக்காகவே மொத்தக் காசும் குடுக்கலாம். 2024 அக்டோபர் 14ல ஏஏடிங்கற பழைய ட்ரிப்யூனல் போயி அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ ட்ரிப்யூனல் (ஏஆர்டி) வந்துச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், ஆனா அதோட சேந்து மறுபரிசீலனைக்கு மனு போட நம்ம கையில இருந்த நாள் கணக்கும் மாறிருச்சு. பழைய 21 நாள் மனசுல பதிஞ்சு போனவங்களுக்கு இப்ப 28 நாள், அது டிடென்ஷன்ல இல்லாதவங்களுக்கு. கேரக்டர் கேஸ்ல (குற்றப் பின்னணி மாதிரி நடத்தைய காரணம் காட்டி விசா மறுக்கறது) இன்னும் அதே 9 நாள்தான். அந்தம்மா, செஷன் எடுத்தவங்க, ஸ்லைடுல சட்டப்பிரிவ ஒட்டி வாசிக்கல. ஒரு கேஸ போட்டாங்க: வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ரெஃப்யூசல் மெயில் வருது, ஏஜென்ட்டோட ஸ்பாம்ல போய் விழுது, திங்கக்கிழமை மதியம் பாக்கறாரு, கணக்கு எப்ப ஆரம்பிக்குது? செஷன்ல நடத்துன ஓட்டெடுப்புல பாதிப்பேரு திங்கக்கிழமைன்னு போட்டிருந்தாங்க. மைக்ரேஷன் ஆக்ட் 494சி பிரிவுப்படி மெயில் அனுப்புன நாளோட முடிவுல கெடைச்சதாவே எடுத்துக்குவாங்க, நீங்க தொறந்தீங்களா தொறக்கலையாங்கறதே பேச்சில்ல. அதுக்கு மேல நம்மள ஆத்தரைஸ்டு ரெசிப்பியன்ட்டா (க்ளையன்ட்டுக்குப் பதிலா கடிதம் வாங்கிக்கறவரா) போட்டிருந்தா நமக்கு வந்தது க்ளையன்ட்டுக்கு வந்த மாதிரி. மைக்ரேஷன் மேட்டர்ல டெட்லைன் தாண்டிட்டா ட்ரிப்யூனலால நாள் நீட்டிக்க முடியாது, மனசு எரங்கினாலும் அதிகாரம் கெடையாது. ட்ரிப்யூனல் முடிவ எதிர்த்து கோர்ட்டுக்குப் போற 35 நாளாவது நீட்டிக்கச் சொல்லி கேக்கலாம், இங்க அந்த வழியே இல்ல. ஒரு குடும்பத்தோட பத்து வருஷ வாழ்க்கை நம்ம இன்பாக்ஸ்ல ஒரு மெயில் எந்த ஃபோல்டருக்குப் போச்சுங்கறதுல தொங்குதுன்னு நெனச்சா அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. மறுநாளே ஆபீஸ்ல எல்லா ஓப்பன் ஃபைலுக்கும் தனி ரெஜிஸ்டர் போட்டோம், ஸ்பாம் ஃபோல்டர தெனமும் ரெண்டு வேளை பாக்கறதுக்கு ஆளும் வச்சாச்சு.

ப்ரொடெக்ஷன் விசா (அகதிப் பாதுகாப்பு கேக்கறவங்களுக்கானது) செஷன் அடுத்து. இது நம்ம தமிழ் ஆளுங்க கேஸ் எடுக்கற யாரும் விடக்கூடாத ஒண்ணு. 2012 ஆகஸ்ட் 13லருந்து 2013 கடைசி வரைக்கும் படகுல வந்தவங்கள ஃபாஸ்ட் ட்ராக்ல போட்டு, மறுத்த கேஸ ஐஏஏன்னு ஒரு அமைப்பு பேப்பர மட்டும் பாத்து முடிவு பண்ணிச்சு, பொதுவா ஆள கூப்பிட்டு விசாரிக்கறது கெடையாது, புது ஆதாரம் குடுக்கணும்னா அதுக்கும் விசேஷ காரணம் காட்டணும். ஏஆர்டி வந்த அன்னிக்கே அந்த ஐஏஏ மூடப்பட்டுச்சு. அதனால கோர்ட் திருப்பி அனுப்புற பழைய கேஸ் இப்ப ஏஆர்டிக்குப் போகுது, அங்க ஆளு நேரா உக்காந்து தன் கதைய சொல்ல முடியும். பத்து வருஷத்துக்கு மேல காத்துக்கிட்டு இருந்த ஒருத்தருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! செஷன்ல ஹியரிங்குக்கு ஆள எப்படி தயார் பண்றது, எதுவரைக்கும் தயார் பண்ணலாம், எங்க தாண்டினா பதில் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்னு நிதானமா பேசினாங்க. கேள்வி நேரத்துல நான் இன்டர்ப்ரெட்டர் பத்தி கேட்டேன், "இயக்கத்துக்கு சாப்பாடு குடுத்தம்"னு ஒரு தாய் சொன்னத இயக்கத்துலயே இருந்த மாதிரி இங்கிலீஷ்ல போட்டுட்டா அடுத்த எல்லாக் கேள்வியும் அந்த ஒத்த வரியச் சுத்தியே வரும், அப்ப என்ன பண்றது? அவங்க சொன்ன பதில அப்படியே எழுதி வச்சிருக்கேன்: அந்த எடத்துலயே ட்ரிப்யூனல் கவனத்துக்குக் கொண்டு வரணும், ரெக்கார்டிங் வாங்கி கேக்கணும், எந்த நிமிஷத்துல எந்த வார்த்தைன்னு எழுதிக் குடுக்கணும், முடிவு வந்தப்புறம் பாத்துக்கலாம்னு விடக்கூடாது. எனக்கு இந்த ஒரு பதிலே போதும்.

ஸ்டூடண்ட் விசா செஷன் பரவாயில்ல. தற்காலிகமாத்தான் தங்க வர்றாங்களான்னு பாக்கற ஜிடிஇ விதி போயி 2024 மார்ச் 23லருந்து உண்மையாவே படிக்க வர்றாங்களான்னு பாக்கற ஜெனியூன் ஸ்டூடண்ட் விதி வந்தது, ஃபீஸ் 710 டாலர்லருந்து 1600 ஆகி 2025 ஜூலைல 2000 ஆனது, இதெல்லாம் தெனமும் அந்த வேலையே பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சதுதான்.

இப்ப கொறை. எம்ப்ளாயர் ஸ்பான்சர்ட் செஷன் 2025 ஆகஸ்ட்ல நடந்துச்சு, ஸ்லைடுல ஸ்பான்சர் பண்ற ஆளுக்குக் குடுக்க வேண்டிய கொறஞ்சபட்ச வருஷ சம்பள வரம்பு 73,150 டாலர்னே கெடந்துச்சு. அந்த வருஷம் ஜூலை 1லருந்தே அது 76,515 ஆகியிருந்துச்சு. சாட்ல ஒருத்தர் சொன்னப்புறம்தான் வாயால திருத்தினாங்க, ஆனா ரெக்கார்டிங்லயும் நோட்ஸ்லயும் இன்னிக்கு வரைக்கும் பழசுதான் இருக்கு. மெயில் போட்டேன், பாக்கறோம்னு ஒரு வரி வந்துச்சு, அவ்ளோதான். புதுசா வேலைக்கு சேந்த ஒரு பொண்ணு அந்த நோட்ஸ நம்பி ஒரு சின்ன கடை ஓனருக்கு நாமினேஷன் (வேலையாள ஸ்பான்சர் பண்ற விண்ணப்பம்) போட்டா ரெஃப்யூஸ் ஆகறது யாருக்கு நஷ்டம்? சட்டம் சொல்லிக் குடுக்கறவங்க ஸ்லைடுக்கு மேல தேதி போடணும், அது அடிப்படை. 482 விசாவுல பழைய டெம்பரரி ஸ்கில் ஷார்ட்டேஜ் போயி ஸ்கில்ஸ் இன் டிமாண்ட் வந்தது, ரெண்டு வருஷ அனுபவம் ஒரு வருஷமா கொறஞ்சது, இதெல்லாம் மட்டும் சரியாத்தான் சொன்னாங்க.

எதிக்ஸ் செஷன் ரொம்ப ஏமாத்தம். 2022 மார்ச் 1ல வந்த கோட் ஆஃப் கான்டக்ட்ட ஒவ்வொரு பிரிவா வாசிச்சாங்க, வாசிக்கத் தெரிஞ்ச எல்லாரும் வீட்லயே வாசிச்சுக்கலாம். எங்களுக்கு வேண்டியது அது இல்லங்க. க்ளையன்ட் குடுத்த வேலை அனுபவ லெட்டர் பொய்யா இருக்குமோன்னு சந்தேகம் வந்தா என்ன கேக்கணும், எப்படி எழுதி வைக்கணும், எந்தக் கட்டத்துல ஃபைல விட்டு வெளிய வரணும்? பொய்யான ஆவணம், தகவல் குடுத்தா விசா மறுக்கற பிஐசி 4020 விதில மாட்டினா மூணு வருஷம் தடை, அடையாளம் சம்பந்தப்பட்டதா இருந்தா பத்து வருஷம். 2014 த்ரிவேதி கேஸ்ல ஃபெடரல் கோர்ட்டோட ஃபுல் கோர்ட் (பல நீதிபதிகள் சேந்த அமர்வு) சொன்னபடி வேணும்னே செஞ்ச பொய்யா இருக்கணும், ஆனா அத செஞ்சது அப்ளிகன்ட்டாதான் இருக்கணும்னு இல்ல, வேற யாரோ செஞ்சிருந்தாலும் அடி அப்ளிகன்ட்டுக்குத்தான். அதே மாதிரி 2007ல எஸ்இசட்எஃப்டிஇ கேஸ், ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாத ஒரு ஆள நம்பி ஒரு குடும்பம் ஹியரிங்குக்கே போகாம விட்டு ஹைகோர்ட் (ஆஸ்திரேலியால அதுதான் உச்ச கோர்ட்) வரைக்கும் போக வேண்டி வந்துச்சு. இந்த ரெண்டையும் மேசைல போட்டு ஒரு மணி நேரம் பேசியிருந்தா அது எதிக்ஸ் கிளாஸ்.

மத்தபடி சர்டிபிகேட் அன்னிக்கே மெயில்ல வந்துரும், ரெக்கார்டிங் நல்லா ஓடுது, ஃபோன்ல பாத்தா மட்டும் ஸ்லைடு எழுத்து ரொம்பப் பொடிசு.

ஸ்டார்னு கேட்டா அஞ்சுக்கு மூணரை. தனியா ப்ராக்டிஸ் பண்றவங்க, கேட்டுத் தெரிஞ்சிக்க பக்கத்துல சீனியர் இல்லாதவங்க தாராளமா எடுக்கலாம். ஆனா காசு கட்டறதுக்கு முன்னாடி போன வருஷ ஸ்லைடு ஒண்ணு கேட்டு வாங்கிப் பாருங்க, தேதி இருக்கா, கேஸ் வச்சு நடத்துறாங்களா, கேள்வி நேரம் கடைசி அஞ்சு நிமிஷமா இல்ல அர மணி நேரமான்னு கேளுங்க. நான் அடுத்த வருஷத்துக்கு ட்ரிப்யூனல் செஷனும் ப்ரொடெக்ஷன் செஷனும் இவங்க கிட்டயே எடுக்கறேன், எதிக்ஸுக்கு வேற எடம் தேடிட்டு இருக்கேன், உங்களுக்கு நல்லதா ஒண்ணு தெரிஞ்சா கீழ சொல்லுங்க.