பழைய பிளாக்கா, யூடியூபா, டீல் குரூப்பா? அஃபிலியேட் வேலையை விட்டுத் திரும்புகிறவருக்கு

பதினான்கு மாதம் நான் என் பிளாக்கின் டேஷ்போர்டைத் திறக்கவே இல்லை. டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி 2025 ஏப்ரலில் மெயில் மேல் மெயில் வந்தபோதுதான், இதை இத்தோடு விடுவதா, திரும்பப் பிடிப்பதா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டி வந்தது. சேரன்மகாதேவியில் இருந்துகொண்டு மிக்ஸி, இன்வெர்ட்டர், வாட்டர் ப்யூரிஃபயர் என்று வீட்டுச் சாமான்களைப் பற்றித் தமிழில் எழுதி, என் லிங்க் வழியாகப் போய் யாராவது வாங்கினால் அதில் கமிஷன் பெறுகிற அஃபிலியேட் வேலை என்னுடையது. (ஊரில் இதைச் சொன்னால் "எத்தனை பேரைச் சேத்துவிடணும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆள் சேர்க்கிற தொழிலுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.)

திரும்பி வந்து ஏழெட்டு மாதமாகிறது. அதற்குள் மூன்று வழியிலும் கை வைத்துப் பார்த்துவிட்டேன்: பழைய பிளாக்கைச் சீர்செய்வது, யூடியூபில் புதிதாகத் தொடங்குவது, விலை இறங்கிய சாமான்களின் லிங்கை உடனுக்குடன் போடுகிற டீல் குரூப்பை டெலிகிராமில் நடத்துவது. எதில் அதிகக் காசு என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். மனசு விட்டுப்போய்த் திரும்பி வருகிற ஒருவரை எது தாங்கிப் பிடிக்கும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஏன் விட்டேன் என்பதைச் சொல்லாமல் ஒப்பிட முடியாது. ஐந்து வருடத்தில் எண்பத்துச் சொச்சம் பதிவுகள் எழுதியிருந்தேன், அதில் நான் கையால் தொட்ட சாமான் பத்துகூட இருக்காது, மற்றதெல்லாம் கம்பெனி தருகிற விவரப் பட்டியலையும் வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளையும் பார்த்து என் தமிழில் திருப்பி எழுதியவை. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறி வந்தபோது எங்கள் தெருவிலும் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு பக்கத்து வீட்டு அத்தை வந்து, "ஏய்யா, நீதான் இன்வெர்ட்டர் பத்தி எழுதுதியாமே, தண்ணிக்குள்ள கிடந்த பேட்டரிய மாட்டலாமாய்யா?" என்று கேட்டார்கள். சிறந்த இன்வெர்ட்டர் எது என்று மூன்று பதிவு எழுதிக் காசும் வாங்கியிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் எழுத உட்கார்ந்தாலே அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நின்றது. இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டேன்.

சரி, மூன்று வழிக்கும் வருவோம்.

முதல் காசு யார் கையில் சீக்கிரம் வரும் என்றால், சந்தேகமே வேண்டாம், டீல் குரூப்தான். சரஸ்வதி பூஜைக்கு முந்தைய பெரிய ஆஃபர் விற்பனையின்போது இருநூறு பேர்கூட இல்லாத குரூப்பில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் கமிஷன் சேர்ந்தது. அதே மாதம் பிளாக்கில் வந்தது ஆயிரத்து எண்ணூறு, யூடியூபில் இருநூற்றுச் சொச்சம். ஆனால் சேர்ந்தது என்பது வேறு, கைக்கு வந்தது என்பது வேறு. அமேசானில் ஒரு மாதத்துக் கமிஷன், அந்த மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்துத்தான் வரும், அதற்குள் வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் நம் பங்கும் போய்விடும். ஆஃபர் பார்த்து அவசரத்தில் வாங்குகிறவர்கள்தான் அதிகம் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதை என் குரூப்பிலேயே கண்டேன். லிங்கைத் தொட்ட 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் நமக்குக் கணக்கு, கூடைக்குள் போட்டுவைத்தால் மட்டும் 90 நாள்வரை தாங்கும். யோசித்து, வீட்டில் கேட்டு, சம்பளம் வந்தபின் வாங்குகிற நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்த 24 மணி நேரம் ரொம்பக் குறைவு. அதனால் "முதலில் கூடையில் போட்டு வையுங்கள், நிதானமாக முடிவெடுங்கள்" என்று பதிவிலேயே எழுதுகிறேன், அவர்களுக்கும் அது நல்லதுதான்.

ஒரு வாரம் முடியாமல் போனால் என்ன ஆகும்? மனசு ஒரே நாளில் முழுசாகத் திரும்பி வராது, நடுவில் பத்து நாள் படுத்துவிடும், அதனால் எனக்கு இதுதான் பெரிய சோதனை. பிளாக் காத்திருக்கும். சீர்செய்த பதிவு நான் தொடாத வாரத்திலும் படிக்கப்படுகிறது. யூடியூபும் ஓரளவு காத்திருக்கும், ஆனால் பார்வை எண்ணிக்கை ஊருக்கே தெரியும், "போன வாரம் நாற்பத்தோரு பேர்தான் பாத்திருக்காங்க போல" என்று கல்யாண வீட்டில் மாமா கேட்கும்போது அதைத் தாங்க ஒரு தெம்பு வேண்டும், அது அப்போது என்னிடம் இல்லை. டீல் குரூப் ஒரு நாள்கூடக் காத்திருக்காது. இரவு பன்னிரண்டு மணிக்கு விலை இறங்கும், பன்னிரண்டரைக்கு ஏறும், நாம் தூங்கினால் ஆட்கள் வேறு குரூப்புக்குப் போய்விடுவார்கள். மூன்று வாரம் சரியான தூக்கம் இல்லாமல் ஓட்டினேன், நாலாவது வாரம் பழைய சோர்வு அப்படியே வந்து உட்கார்ந்தது. குரூப்பை மூடிவிட்டேன்.

இனி நான் அதிகம் பேச வேண்டிய இடம்: யார் என்ன கேட்கிறார்கள் என்பது. டீல் குரூப்பில் கேட்பது ஒன்றே ஒன்றுதான், "இதைவிடக் குறைச்சலா கிடைக்குமா?" அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி ஒரு சாமானைப் பற்றியும் எனக்கு எதுவும் கூடுதலாகத் தெரியவில்லை. பிளாக்கில் நான் முதலில் எடுத்தது வாட்டர் ப்யூரிஃபயர் பதிவு. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு சொந்தக்காரர் வீடு வீடாகப் போனேன். எங்கள் வீட்டு ஆற்றுத் தண்ணீர்க் குழாயில் நூற்றைம்பதுக்குள் காட்டியது, வள்ளியூர் பக்கம் சித்தி வீட்டுப் போர் தண்ணீரில் ஆயிரத்து நானூறைத் தாண்டியது. இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை. 500-க்குக் கீழே உள்ள இடங்களில், உப்பை வடிகட்டுகிற ஆர்.ஓ. கருவியைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது. இவ்வளவு தெரிந்தபின் பழைய பதிவைப் படித்தால், ஆற்றோர அம்பாசமுத்திரத்தில் இருப்பவருக்கும் கடற்கரைப் பக்கம் திசையன்விளையில் இருப்பவருக்கும் ஒரே ஆர்.ஓ.வைக் கைகாட்டியிருக்கிறேன். எனக்குக் கூசியது. மாற்றி எழுதினேன்: ஆற்றுத் தண்ணீர் வருகிற வீட்டுக்கு ஆர்.ஓ. தேவையில்லை, புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்கிற யு.வி. போதும், கொதிக்க வைத்தாலும் போதும். மீட்டரில் எண் குறைவாக இருப்பதால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. போர் தண்ணீர் வீட்டுக்கு எந்த மாதிரி ஆர்.ஓ., அது வெளியே தள்ளுகிற தண்ணீரை என்ன செய்வது என்பதையும் சேர்த்தேன்.

கமிஷன் குறையும் என்று தெரிந்துதான் அப்படி எழுதினேன், முதல் மாதம் குறையவும் செய்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த கேள்விகளைப் பாருங்கள்: "எங்க ஊர்ல பஞ்சாயத்துத் தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா, மத்த நாள் போர், எதைக் கணக்கு வைக்க?" "மெம்ப்ரேனை மாத்த நெல்லைக்குத்தான் போகணுமா?" ஒவ்வொன்றுக்கும் நான் போய்த் தெரிந்துகொண்டு வந்து பதில் எழுதினேன். ஒரு நாள் காலையில் தானாகவே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன் என்பதை உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். தேடுபொறிக்காரர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் நேரடி அனுபவம் என்பதை 2022 டிசம்பரில் சேர்த்தது.

யூடியூபிலும் கேள்வி வரும், சொல்லப்போனால் வேகமாக வரும், நம் பேச்சைக் கேட்டதும் "அண்ணே, திருநவேலியா?" என்று உறவாகவே பேசுவார்கள். சாமான் ஓடுகிற சத்தத்தைக் கேட்க வைக்கலாம், எழுத்தில் அது முடியாது. இன்னொன்று, விளம்பர வருமானத்துக்குத்தான் 1,000 சந்தாதாரர், 4,000 மணி நேரப் பார்வை என்ற கணக்கு, விவரக் குறிப்பில் அஃபிலியேட் லிங்க் போட அந்தக் கணக்கு தேவையில்லை. இது தெரியாமல் தயங்கி நிற்பவர்கள் பலர். பிளாக்கோடு வைத்துப் பார்த்தால் ஒரு இடத்தில் யூடியூப் தோற்கிறது: சொன்னதைத் திருத்த முடியாது. 2025 செப்டம்பர் 22-ல் ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது, வீடியோவில் வாயால் சொன்ன விலை அன்றோடு பழசு. பிளாக்கில் ஒரு வரியை மாற்றினால் முடிந்தது. (விலையைக் கையால் எழுதி வைக்கவே கூடாது என்பது அமேசான் விதி, அது வேறு.) இப்போது பதிவுக்குள் வைக்க, முகம் காட்டாமல் கை மட்டும் தெரிகிற மாதிரி இரண்டு நிமிட வீடியோ எடுக்கிறேன், எனக்கு அது சரியாக இருக்கிறது.

பழைய பிளாக்குக்குத் திரும்புகிறவர்கள் முதல் நாளே புது அஃபிலியேட் கணக்குக்கு விண்ணப்பிக்காதீர்கள். நான் செய்த தவறு இது. அமேசானில் புதிதாகச் சேர்ந்தால் 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது ஆக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு மூடப்படும், நம் லிங்கில் நாமே வாங்குவது கணக்கில் சேராது. முதலில் பத்துப் பதிவைச் சரிசெய்து, ஆட்கள் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, பிறகு விண்ணப்பியுங்கள். பழைய லிங்குகளில் பாதி, இப்போது விற்பனையிலேயே இல்லாத மாடலுக்குப் போகும். சைட்ஸ்டிரைப்பில் (அமேசான் பக்கத்தின் மேலே லிங்க் எடுத்துத் தருகிற பட்டை) எடுத்த பட லிங்குகள் 2023 இறுதியோடு நிறுத்தப்பட்டவை, அந்த இடமெல்லாம் வெற்றுக் கட்டமாக நிற்கும். எண்பதையும் சரிசெய்யப் போனால் மூன்றாம் நாளே வெறுத்துவிடும். நான் பதினொன்றை எடுத்துக்கொண்டு, தொடாத சாமான் பற்றியவற்றில் நாற்பதை அழித்தேன்.

கமிஷன் வாங்குகிறோம் என்பதை மூன்று வழியிலும் தெளிவாகச் சொல்ல வேண்டும், 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல் அதுதான். பிளாக்கில் முதல் வரியிலேயே தமிழில் எழுதிவிடலாம், டீல் குரூப்பில் ஓடுகிற வேகத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள். வரியைப் பொறுத்தவரை பான் எண்ணை மறக்காமல் கொடுங்கள், கமிஷன் மீதான பிடித்தம் 2024 அக்டோபர் முதல் 5-லிருந்து 2 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பான் இல்லாவிட்டால் 20.

ஹோஸ்டிங், ஆன்லைன் கோர்ஸ் மாதிரி பெரிய கமிஷன் தருகிறவற்றுக்கு மாறச் சொல்லி எனக்கும் யோசனை வந்தது. நான் படிக்காத கோர்ஸை இன்னொருவருக்கு எப்படிச் சொல்வது? பழைய பள்ளத்துக்கே திரும்புவதாகிவிடும்.

உங்களை நிறுத்தியது கடன் நெருக்கடி என்றால், மனசு தெம்பாகத்தான் இருக்கிறது என்றால், ஆஃபர் மாதங்களில் மட்டும் டீல் குரூப் நடத்துங்கள், தப்பில்லை. பேச்சு வருமென்றால், எண்ணிக்கையைப் பார்த்துச் சுருங்காதவர் என்றால், யூடியூப். என்னைப் போல எழுத விஷயம் தீர்ந்துபோய் நின்றவர் என்றால் பழைய பிளாக்குக்கே போங்கள், ஒரு பதிவு, ஒரு சாமான், கையில் எடுத்துப் பார்த்து.

பக்கத்து வீட்டு அத்தையின் பேட்டரிக் கேள்விக்குப் பதிலை ஜூலையில் எழுதினேன். ஜங்ஷன் பக்கத்துப் பேட்டரிக் கடை அண்ணாச்சி, பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டரை உள்ளே விட்டு எப்படிப் பார்ப்பது என்று ஒரு மத்தியானம் முழுக்கக் காட்டித் தந்தார்கள். மூழ்கிய இன்வெர்ட்டரை ஆன் செய்யவே கூடாது, மெக்கானிக் திறந்து காயவைத்துப் பார்க்கட்டும், பேட்டரிக்குள் வெள்ளத் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று கடையில் சோதித்த பிறகுதான் மாட்ட வேண்டும் என்பதுதான் பதில். அந்தப் பதிவில் விற்க ஒன்றும் இல்லை, லிங்கும் இல்லை. ஐப்பசி பிறந்து மழை பிடித்ததிலிருந்து பிளாக்கில் அதிகம் படிக்கப்படுவது அதுதான்.