புது பிஸ்டன் என்று பில் போட்டார்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய வெஸ்பா, லாம்பிரெட்டா ஸ்கூட்டர் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தப் பதிவு. வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்துகொண்டிருப்பவர்கள், பாதியில் கை ஓய்ந்து இஞ்சினை மட்டும் வெளியே கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள், அவசியம் படியுங்கள். நான் 23,800 ராண்டு கட்டிப் படித்த பாடம், உங்களுக்கு இலவசம்.

பணிமனையின் பெயரை எழுதப்போவதில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை. அதற்குள் என் மேலேயே ஒரு வழக்கு வருவதற்கு நான் இடம் கொடுக்கத் தயாராக இல்லை.

வண்டி என் மாமனாருடையது. 1962ஆம் ஆண்டு வெஸ்பா 150, வி.பி.பி. மாடல். 145 சி.சி., நான்கு கியர், எட்டு அங்குலச் சக்கரம். கேட்டோ மேனரில் இருந்த குடும்பத்தை, இனவாரியாக ஊரைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டம் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கி எறிந்த பிறகு, ஜேக்கப்ஸில் இருந்த தொழிற்சாலைக்குப் போய்வர அவர் பழையதாக வாங்கிய வண்டி. மாமியார் பின்னால் ஒருக்களித்து உட்கார, என் மனைவி குழந்தையாக முன்னால் கால்தளத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போன கதையை நான் நூறு முறையாவது கேட்டிருக்கிறேன். அந்தக் கால்தளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

மாமனார் போன பிறகு வண்டி கராஜில் தார்ப்பாய்க்கு அடியில் இருபது வருடம் கிடந்தது. டர்பன் கடற்காற்றுக்குத் தார்ப்பாய் ஒரு பொருட்டா? போன வருடம் அதை வெளியே இழுத்தேன். ஆறு மாத சனி, ஞாயிறுகள். ஒயரிங் முழுவதையும் புதிதாக இழுத்தேன், கேபிள்களை மாற்றினேன், பிரேக் லைனிங் மாற்றினேன், முன் ஃபோர்க்கைப் பிரித்து புஷ் போட்டேன். இஞ்சினையும் பிரித்துப் பார்த்தேன். பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் நான்கு நீளக் கோடுகள்; எப்போதோ ஒருமுறை சூட்டில் பிடித்திருக்கிறது. எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்து வைத்தேன். இந்த மொத்தக் கதையிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

இரண்டு வேலைகளை மட்டும் வெளியே கொடுக்க முடிவு செய்தேன். இஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்கை அழுத்திப் பிரித்துக் கோர்க்க என்னிடம் பிரஸ் இல்லை. பெயின்ட் விஷயத்தில் பயம் காரணம். இப்போது எல்லோரும் அடிக்கிற இரண்டு பாக வண்ணத்தின் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண முகமூடி அதைத் தடுக்காது, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். எங்கள் தெருவில் சுவருக்குச் சுவர் ஒட்டி வீடு. பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக் குழந்தை. கராஜில் ஸ்பிரே பிடித்துச் சேமிக்கும் காசு எனக்கு வேண்டாம்.

இனி நான் ஏமாந்த இடம். தைப்பூசக் காவடி முடிந்து பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "தம்பி, நீங்கள் ஊரிலிருந்து வந்தவரா?" என்றார். தமிழில். இந்த ஊரில் அது என்ன செய்யும் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் பேரன் பேத்திகள் தேவாரத்தை மனப்பாடமாகப் பாடுவார்கள். ஆனால் வீட்டில் பேச்சு ஆங்கிலம். அவர்களைக் குறை சொல்லவில்லை. நான்தான் பதினைந்து வருடமாகத் தெருவில் ஒரு தமிழ் வார்த்தைக்கு ஏங்கிக்கொண்டிருந்தவன். இங்கே வயதில் மூத்த எவரையும் அங்கிள் என்றுதான் அழைப்போம். இவரை நான் அன்றே மாமா என்று அழைத்துவிட்டேன். மாமாவுக்கு ஒரு பணிமனை இருந்தது.

இஞ்சினைப் பார்க்காமலே விலை சொன்னார்: இஞ்சின் 12,800, டிங்கரிங்கும் பெயின்ட்டும் 11,000. எழுத்தில் எதுவும் இல்லை. "நமக்குள் எதற்குத் தம்பி பேப்பர்?" என்றார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

ஏழு வாரம் என்றது ஐந்து மாதமாயிற்று. கிராங்க் இத்தாலியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது, சுங்கத்தில் நிற்கிறது, பெயின்டர் ஊருக்குப் போயிருக்கிறார், மழை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு.

வண்டி வந்தபோது என்னவோ அழகாகத்தான் இருந்தது. வெளிர் நீலம், கண்ணாடி போல. மாமியார் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. பில்லில் பதினோரு வரிகள், அவற்றில் சில: புது பிஸ்டன், போர் போட்டது (சிலிண்டரைக் கடைந்து பெருக்கியது), புது கிராங்க், புது பேரிங்குகள், புது சீல்கள் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையங்கள்), கால்தளத்தில் தகடு வெட்டி வெல்டிங். பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் புகை. இரண்டு ஸ்ட்ரோக் என்றால் கொஞ்சம் புகை வரும்தான். இந்த மாடலுக்குப் பெட்ரோலில் நூற்றுக்கு 2 பங்கு எண்ணெய். ஆனால் இது திருஷ்டி கழிக்கிற புகை போல, தெரு முழுக்க வெள்ளை, சூடேறிய பிறகும் நிற்கவில்லை. வெஸ்பாவில் இப்படி வந்தால் முதலில் கியர் எண்ணெயைப் பாருங்கள். கால் லிட்டர் ஊற்ற வேண்டும். அளவுத் திருகைக் கழற்றினால் சொட்டு வழிய வேண்டும். நான் கழற்றினேன். ஒன்றும் வரவில்லை. கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் கெட்டுவிட்டால், இஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் கியர் பெட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சிக் குடித்து எரிக்கும். மூன்று வாரம் முன்பு மாற்றியதாகப் பில்லில் எழுதிய சீல் அது.

ஃபோன் செய்தேன். "ஓட ஓடச் சரியாகிவிடும் தம்பி." சரியாகாது என்று எனக்குத் தெரியும். அன்று இரவே இஞ்சினை இறக்கினேன்.

ஃபிளைவீல் மூடியைக் கழற்றியதுமே வயிறு கலங்கியது. காற்று வீசும் துடுப்புகளில் இரண்டு உடைந்திருந்தன. புல்லர் போட்டுக் கழற்ற வேண்டியதைச் சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள். கிளட்ச் மூடியைத் திறந்தேன். அங்கே கோட்டைச் சுவர் மாதிரி பல் வெட்டிய ஒரு நட் இருக்கும். அதற்கென்று தனிக் கருவி உண்டு, பெரிய விலையும் இல்லை. என் வண்டியின் நட்டில் ஒவ்வொரு பல்லிலும் உளி பட்ட காயம். டார்ச் அடித்துப் பார்த்தால் பெட்டியின் அடியில் இரும்புத் துணுக்குகள் மினுமினுக்கின்றன. கியர்களுக்கு நடுவே அவை ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன.

இஞ்சினின் வெளிக்கூடான கேசைப் பிரித்தேன். நடுவில் காகித பாக்கிங் இல்லை. சிலிக்கான் பசையைப் பிதுக்கி ஒட்டியிருந்தார்கள். உள்பக்கம் புழு புழுவாக நீட்டிக்கொண்டிருந்தது. சீல் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போலக் கெட்டியாக இருந்தது. பிஸ்டனைத் திருப்பினேன். எக்ஸாஸ்ட் பக்கம் நான்கு நீளக் கோடுகள். ஃபோனில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: அதே நான்கு, மூன்றாவது மட்டும் நடுவில் வளைந்து. மேல்புறக் கரியைத் தின்னரில் துடைத்தபோது தலையில் 57.0 என்று பொறித்திருந்தது, வண்டியின் அசல் அளவு. போர் போட்டால் பெரிய அளவுப் பிஸ்டன்தானே வர வேண்டும்? சிலிண்டரைப் பெருக்கி அதே பிஸ்டனைப் போடும் வித்தை எனக்குத் தெரியாது.

கிராங்க் மட்டும் உண்மையாகவே மாற்றப்பட்டிருந்தது. என்னுடையதை எடுத்துக்கொண்டு, அதைவிடத் தேய்ந்த ஒன்றை வைத்திருந்தார்கள். கார்புரேட்டரும் அப்படித்தான், டெல்லோர்ட்டோ என்று பொறித்த அசல் போய், பெயரே இல்லாத ஒன்று உட்கார்ந்திருந்தது. காசு கொடுத்துத் திருட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இவையெல்லாம் மாற்றிவிடக்கூடியவை. மாற்ற முடியாதது ஒன்று உண்டு. இந்த இஞ்சினில் பெட்ரோல் கலவை உள்ளே வருவதைத் திறந்து மூடுவது கிராங்க்கின் வட்டத் தகடேதான். அது கேசில் கடைந்த ஒரு சிறு பரப்பை உரசாமல் உரசிக்கொண்டு சுழலும். இடைவெளி தலைமுடி அளவுகூட இருக்காது. அந்தப் பரப்பில் இப்போது நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு பள்ளம். துணுக்கு ஏதோ புகுந்து இழுத்திருக்கிறது. அறுபது வருடமாகக் கெடாத இடம், மூன்று வாரத்தில் போய்விட்டது. வெல்டிங் வைத்துத் திரும்பக் கடைந்து தரக்கூடியவர்கள் இருக்கிறார்கள். கேட்கிற தொகைக்குப் பழைய கேஸ் ஒன்றையே வாங்கிவிடலாம்.

அதற்கு அடுத்த வாரம் நல்ல மழை. பிரேக் மிதிக்குப் பக்கத்தில் பெயின்ட் கொப்பளித்தது. மாமியாரின் ஃப்ரிட்ஜிலிருந்து காந்தத்தை எடுத்துவந்து கால்தளத்தில் வைத்தேன். ஒட்டவில்லை, வழுக்கி விழுந்தது. நடுவில் இருந்து விளிம்பு வரை எங்கே வைத்தாலும் விழுந்தது. திருப்புளியால் மெல்லக் குத்தினேன். உள்ளே போய், மறுபக்கம் தரையைத் தொட்டது. வெல்டிங்காம். ஓட்டைக்கு மேல் நார்ப்பாய், அதற்கு மேல் பட்டி, அடியில் யாரும் பார்க்காதபடி தாராளமாகத் தார்ப்பூச்சு.

வெஸ்பாவுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகட்டு உடம்பேதான் சட்டகம். பின் பிரேக் மிதி அந்தக் கால்தளத்தில்தான் திருகப்பட்டிருக்கிறது. ஹிகின்சன் நெடுஞ்சாலையில் இறக்கத்தில் அவசரமாக மிதித்திருந்தால் மிதி தளத்தோடு கீழே போயிருக்கும். கோடைக்கு வந்த என் மகளை ஒருநாள் அதே இடத்தில் நிற்கவைத்து, அவளுடைய அம்மா நின்ற மாதிரி, தெருமுனை வரை ஓட்டிப்போனேன். அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை.

படங்களோடு பணிமனைக்குப் போனேன். அன்று அந்த மாமா பேசியது முழுக்க ஆங்கிலம். ஒரு தமிழ் வார்த்தை வரவில்லை. வண்டி பழையது, நீங்களே கழற்றிவிட்டீர்கள், இனி எங்கள் பொறுப்பில்லை என்றார். கழற்றியதைப் பற்றி அவர் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. நான் பிரிப்பதற்கு முன் வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சாட்சியாக வைத்திருக்க வேண்டும். ஆத்திரத்தில் செய்யவில்லை, நீங்கள் செய்யுங்கள்.

பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். முன்பே படித்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. நம் நாட்டில் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எண் 68, இருக்கிறது. அதில் 67ஆவது பிரிவு: பழுதுபார்க்கும்போது கழற்றிய பாகங்களை, மற்ற வண்டிகளின் பாகங்களோடு கலக்காமல் தனியே வைத்திருந்து, ஓரளவு சுத்தமான ஒரு டப்பாவில் போட்டு உங்களிடம் திருப்பித் தர வேண்டும். வேண்டாம் என்று நீங்களே சொன்னால் ஒழிய. இந்த ஒரு கேள்வியை வண்டி எடுத்த அன்று நான் கேட்டிருந்தால் போதும்: "என் பழைய பிஸ்டன் எங்கே?" பழையது கைக்கு வராவிட்டால் புதியதும் உள்ளே போகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 57ஆவது பிரிவின்படி, போட்ட புதுப் பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. யாரும் எழுதித் தர வேண்டியதில்லை, சட்டமே தருகிறது.

கொடுப்பதற்கு முன் பாகங்களில் உங்கள் அடையாளத்தைப் பஞ்ச் வைத்துக் குத்திவையுங்கள், வெளியில் தெரியாத இடத்தில். கேசை மூடுவதற்கு முன் நான் வந்து பார்ப்பேன் என்று சொல்லுங்கள். முகம் சுளிப்பவரிடம் கொடுக்காதீர்கள். உடம்புக்குப் பிரைமர் அடிக்கும் முன்னும், வெறும் தகடாக இருக்கும்போது, ஒருமுறை போய்ப் பாருங்கள். வலப்பக்க மூடிக்கு உள்ளே பொறித்திருக்கும் சட்டக எண்ணைப் பட்டியால் மூடாமல் இருக்கிறார்களா என்று கவனியுங்கள். என்னுடையதில் கடைசி இரண்டு இலக்கங்கள் புதைந்துபோய், போலீஸ் சரிபார்ப்புக்கு முன்னால் நானே தின்னரும் பல்துலக்கும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து மீட்டெடுத்தேன்.

சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அங்கே வழக்கறிஞர்கள் வாதாட முடியாது, நாமே பேச வேண்டும். உச்சவரம்பு 20,000 ராண்டு. ஆகவே 3,800ஐக் கைவிட்டேன். அதற்கு முன் 14 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் அனுப்ப வேண்டும். அனுப்பினேன், பதில் இல்லை. அடுத்த மாதம் விசாரணை.

கால்தளத்தை நானே வெட்டி எடுத்துவிட்டேன். புதுத் தகடு வந்திருக்கிறது, வெல்டிங்குக்கு மட்டும் ஒருவர் வீட்டுக்கே வருகிறார், நான் பக்கத்தில் நிற்பேன். வெட்டிய துண்டு கராஜ் ஆணியில் தொங்குகிறது. பிஸ்டன், சீல், உளி பட்ட நட் மூன்றையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக எடுத்து வைத்தபோது, மாமியார் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "சட்டத்தில் சுத்தமான டப்பா என்றுதானே இருக்கிறது?" என்று கேட்டார்.