மினி டிராக்டருக்கு முன்னால் பக்கெட் மாட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக எங்கள் கொல்லைக்குள் வந்தது. கடலூருக்கு மேற்கே ஆற்றோரம் ஒன்றரை ஏக்கர். தண்ணீர் வடிந்தது, மணல் அப்படியே நின்றது, முழங்கால் உயரத்துக்கு. ஜேசிபிக்கு மணிக்கு 1,300 கேட்டார்கள். அந்த மாதம் அந்தக் காசுக்கும் வண்டி கிடைக்கவில்லை. வீட்டில்தான் 18 எச்பி மினி டிராக்டர் சும்மா நிற்கிறதே, முன்னால் மண் அள்ளும் பக்கெட் ஒன்று மாட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. அங்கேதான் சனி பிடித்தது.

பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் 78,000 ரூபாய்க்குப் பேசினோம். பக்கெட்டைத் தூக்கப் புது சிலிண்டர், அதற்கு ஆயில் தள்ளத் தனி பம்ப், பின் ஆக்சில் வரை ஓடும் இரும்புச் சட்டம் என்று பட்டறைக்காரர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் இழுத்தடித்துத் தந்தபோது மஞ்சள் பெயின்ட் பளபளவென்று இருந்தது. நானும் பக்கெட்டைத்தான் பார்த்தேன். பின்னால் போய்க் குனிந்து பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சட்டம் பின் ஆக்சில் வரை போகவே இல்லை. கிளட்சை மூடியிருக்கும் கூடான கிளட்ச் ஹவுசிங்கில் ஏற்கெனவே இருந்த நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, அதே ஓட்டையில் பிராக்கெட்டை வைத்து முடுக்கியிருந்தார்கள். இந்த மாதிரி டிராக்டருக்கு லாரி போல அடியில் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு, அதுதான் முதுகெலும்பு. எல்லாம் வார்ப்பிரும்பு. வளையாது, உடையும்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம் என்றால் புரியும். ஈர மணல் ஒரு கன அடியே 50 கிலோவுக்கு மேல். பக்கெட்டில் 200 கிலோ என்று வையுங்கள். அது முன் அச்சுக்கு ஒன்றேகால் மீட்டர் முன்னால் தொங்குகிறது, இரண்டு அச்சுக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டர். கணக்குப் போட்டால் முன் அச்சில் ஏறுவது 200 அல்ல, ஏறக்குறைய 370 கிலோ. பின் சக்கரத்திலிருந்து 170 கிலோ குறைகிறது. பக்கெட், கை இவற்றின் எடை தனி. பிரேக் இருப்பது பின் சக்கரத்தில். அதனால் பின்னால், மண் கிளறும் ரோட்டவேட்டரோ எடைக்கட்டியோ மாட்டாமல் இப்படி முன்பக்கெட் மாட்டிய வண்டியை ஓட்டவே கூடாது. இதைப் பட்டறைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேட்டில் ஒருநாள் பின் சக்கரம் மண்ணை விட்டு எழும்பியபோது நானே தெரிந்துகொண்டேன். என் மனைவி அன்றோடு என்னை வண்டியில் ஏற விடவில்லை, தம்பிதான் ஓட்டினான்.

தனி பம்பும் பொய். பின் லிஃப்டுக்குப் போகிற ஆயிலையே நடுவில் T வடிவ இணைப்பு போட்டுத் திருப்பியிருந்தார்கள். சிலிண்டரில் பெயின்ட்டைச் சுரண்டினால் உள்ளே பழைய துரு.

பதினோராம் நாள் கிளட்ச் ஹவுசிங்கில் மயிரிழை போல விரிசல், ஆயில் கசிவு. பட்டறைக்குக் கொண்டுபோனால் பட்டறைக்காரர் கேட்டார்: “ஈர மணலை யாருண்ணே அள்ளச் சொன்னா? இது எரு அள்றதுக்கு.” மணல் அள்ளத்தான் என்று முதல்நாளே சொல்லியிருந்தேன், அதை அவரே தாளில் எழுதியும் இருந்தார். டிராக்டர் ஷோரூமில் விரிசலின் படத்தைப் பார்த்ததும், வெளியில் மாட்டியதால் வாரன்டி செல்லாது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. டிராக்டரை இரண்டாகப் பிரித்து ஹவுசிங் மாற்ற 27,000.

நீங்கள் போனால் காசு கொடுக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சட்டம் பின் ஆக்சிலில் போய்ப் பிடித்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஷோரூமில் முன்கூட்டியே கேட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். “பில் இருக்கா?” என்றார். அந்த வெள்ளைத்தாளும், கூகுள் பேயில் அனுப்பிய 40,000க்கான பதிவும் இருக்கின்றன. கையில் கொடுத்த 38,000க்குச் சாட்சி என் தம்பி மட்டும். அடுத்த வாரம் அவனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.