நிறுத்திச் சோதிப்பதா, ஓடவிட்டுக் கவனிப்பதா?

இரண்டு இடங்களுக்கு இடையே ரேடியோ அலையில் தரவு அனுப்பும் மைக்ரோவேவ் இணைப்புக்கு, பிட்டுகள் (0, 1) தவறாகப் போய்ச் சேருகின்றனவா என்று பார்க்கும் பிட் பிழை சோதனைக் கருவி தேவையா, ரேடியோவுக்குள் இருக்கும் கண்காணிப்பே போதுமா?

செலவு: கருவியை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். கண்காணிப்பு பெரும்பாலும் ரேடியோவோடு வந்துவிடும்.

துல்லியம்: கருவி, தெரிந்த பிட் வரிசையை அனுப்பி ஒவ்வொரு பிட்டையும் ஒப்பிடும். பொறுமைதான் வேண்டும். விநாடிக்கு 2 மெகாபிட் (20 லட்சம் பிட்) செல்லும் இணைப்பில் நூறு கோடி பிட் கடக்கவே 8 நிமிடம் ஆகும். கண்காணிப்பு, பிழை விழுந்த விநாடிகளையும் சிக்னல் அளவையும் சொல்லும், அவ்வளவுதான்.

தடங்கல்: கருவி வைத்தால், சோதனை முடியும்வரை இணைப்பில் தரவுப் போக்குவரத்து நிற்கும். கண்காணிப்பில் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம், 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் மழை சிக்னலைத் தின்னும். அடைமழை நாம் சோதனைக்குக் குறித்த தேதியில் வராதே! எப்போதும் ஓடும் கண்காணிப்புதான் அதைப் பிடிக்கும்.

புது இணைப்பை ஒப்படைக்கும் முன் கருவி, அதுவும் இரவு முழுக்க. ஓடுகிற இணைப்புக்குக் கண்காணிப்பு. சிக்னல் சரியாக இருந்தும் பிழை ஏறினால், முதலில் வேறு சிக்னல்களின் குறுக்கீட்டைச் சந்தேகியுங்கள்.