மொய்க் கணக்குக்கு ஒரு குடும்ப ஆப்: கூகுள் ஷீட்டா, ஃபயர்பேஸா, வீட்டிலேயே ராஸ்பெர்ரி பையா?

உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கம் விசேஷ வீட்டில் மொய் நோட்டைப் பத்திரத்துக்குச் சமமாகப் பாதுகாப்பார்கள். பெயரைத் தட்டினால் ஊரும் தொகையும் போனில் வரும்படி அதை ஆப் ஆக்க மூன்று வழிகள் உண்டு.

முதலில் கூகுள் ஷீட்டும், அதை ஆப்பாக்கும் நிரலை எழுத கூகுளே தரும் ஆப்ஸ் ஸ்கிரிப்டும். செலவே இல்லை. ஊர், பெயர், தகப்பனார் பெயர், விசேஷம், தேதி, தொகை என ஆறு பத்திகள் போதும். தகப்பனார் பெயரை விட்டுவிடாதீர்கள். ஒரே ஊரில் நாலு முருகேசன் இருப்பார்கள். ஷீட்டின் லொக்கேல், அதாவது நாட்டு அமைப்பு, அமெரிக்காவாக இருந்தால் 05/06 என்பது மே 6 ஆகிவிடும். முதல் வேலையாக இந்தியா என்று மாற்றுங்கள். ஸ்கிரிப்ட் நிரலைத் திருத்தியும் லிங்கில் பழையதே வருகிறதா? ஆப்பை வெளியிடும் டிப்ளாய்மென்ட்டில் புது வெர்ஷன் போடவில்லை என்று அர்த்தம். 'என் பெயரில் இயங்கு, யாரும் திறக்கலாம்' என்று வைத்தால், லிங்க் கிடைத்தவர் எல்லாம் கணக்கைப் பார்ப்பார்கள். திறப்பவர் பெயரில் இயங்க விட்டு, ஷீட்டை வீட்டாருக்கு மட்டும் பகிருங்கள்.

இதன் குறை சிக்னல். மண்டபத்தில் நெட் நின்றால் மொய் எழுதவே முடியாது. அங்கே இரண்டாவது வழி, கூகுளின் ஆப் சேவையான ஃபயர்பேஸில் உள்ள ஃபயர்ஸ்டோர் என்ற தரவுத்தளம், கைகொடுக்கும்: போனில் எழுதி வைத்து, நெட் வந்ததும் ஏற்றிவிடும். ஆனால் வெப் ஆப்பில் இந்த ஆஃப்லைன் வசதியை நாம்தான் இயக்க வேண்டும். நெட் இல்லாதபோது பக்கமே திறக்க, அதைப் போனில் சேமித்துத் தரும் சர்வீஸ் வொர்க்கர் என்ற சிறு நிரலும் வேண்டும். இலவசத்தில் ஒரு நாளைக்கு 50,000 ரீடுகள்; ஒரு பதிவைப் படித்தால் ஒரு ரீடு. பெயரின் நடு எழுத்தை வைத்துத் தேட அதன் வழக்கமான பதிப்பில் வழியில்லை என்பதால் பலரும் முழுப் பட்டியலையும் இறக்குகிறார்கள். 2,000 பதிவு இருந்தால் 25 தடவையில் தீர்ந்துவிடும். போனில் உள்ள பிரதியிலேயே தேடச் சொல்லுங்கள். சோதனைக்கான டெஸ்ட் மோடில் தொடங்கினால் 30 நாள் எல்லாருக்கும் திறந்து கிடக்கும், அப்புறம் வீட்டாருக்கே மூடிக்கொள்ளும். யார் பார்க்கலாம், யார் எழுதலாம் என்ற விதிகளைத் தொடங்கிய அன்றைக்கே எழுதுங்கள்.

மூன்றாவது, வீட்டிலேயே சர்வராக ஓடவிடும் கையளவு கணினியான ராஸ்பெர்ரி பை. இதற்காக மட்டும் அதை வாங்க வேண்டாம். எழுதும்போது கரன்ட் போனால் எஸ்டி கார்டு கெடலாம். வெளியிலிருந்து திறக்க ஒவ்வொரு போனிலும் வீட்டு நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் போன்ற ஒரு ஆப் தேவைப்படும்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு விசேஷம் உள்ள வீட்டுக்கு நான் ஷீட்டையே சொல்வேன். ஆப் உடைந்தாலும் கணக்கு அட்டவணையாகக் கண்முன் இருக்கும். மண்டபத்தில் நோட்டில் எழுதி, இரவில் ஏற்றிக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும் ஒன்று: 'பொன்னையா'வில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். சேமிக்கும்போதும் தேடும்போதும் ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் என்ற கட்டளை வழியாக, இரண்டையும் ஒரே குறியீடாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.