மூன்றாண்டுப் பட்டம், பத்தாண்டுப் படிப்பு: தொலைநிலைக் கல்வியில் என் அனுபவம்

மூன்றாண்டுகளில் முடிக்கலாம் என்று கையேட்டில் குறிப்பிடப்பட்டிருந்த பொருளியல் இளங்கலைப் பட்டத்தை, முழுநேர வேலையில் இருந்துகொண்டே, ஏறத்தாழப் பத்தாண்டுகளில் தொலைநிலைக் கல்வி வழியாக முடித்திருக்கிறேன். இம்முறையைப் பற்றி நான் படித்த கருத்துகளில் பல, சேர்ந்த முதலாண்டிலேயே எழுதப்பட்டவை. புத்தகக் கட்டு வந்து சேர்ந்த மகிழ்ச்சியோ, அலுவலகத்தில் தொலைபேசியை எவரும் எடுக்காத எரிச்சலோ அவற்றில் இருக்கும். ஆனால் இந்த முறையின் பலமும் குறையும் பாதி வழியைக் கடந்த பிறகே தெளிவாகத் தெரியத் தொடங்குகின்றன.

முதலில் காலக்கணக்கு. பலர் மனம் தளர்வது இந்த இடத்தில்தான். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் பட்டம் ஒன்றுக்கு 360 கிரெடிட்டுகள் தேவை. ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரப் படிப்பு என்பது அங்குள்ள கணக்கு. மொத்தம் 3,600 மணி நேரம். வேலை, வீடு எல்லாம் போக வாரத்திற்கு 8 மணி நேரம் ஒதுக்க முடிகிற ஒருவருக்கு, ஒரு வாரம்கூட விடாமல் படித்தாலும், 450 வாரங்கள் ஆகும்; அதாவது எட்டரை ஆண்டுகளுக்கும் மேல். இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு கிரெடிட்டை 30 மணி நேரமாகக் கணக்கிடுகிறது. எண்கள் மாறினாலும் வந்து நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். முழுநேர மாணவருக்காக வகுத்த ஆண்டுக்கணக்கை வேலைக்குப் போகிறவர் தன்மீது ஏற்றிக்கொண்டு, தான் பின்தங்கிவிட்டதாக வருந்துவது தேவையற்றது. நெல்சன் மண்டேலா 1943இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பைத் தொடங்கினார். சட்டப் பட்டம் அவர் கைக்கு வந்தது 1989இல், சிறையில் இருந்தபடியே, தொலைநிலைக் கல்விக்கென்றே இயங்கும் யுனிசா என்ற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் வழியாக. அவருடைய சூழல் நம் எவருக்கும் வரக்கூடாதது. ஆயினும் இத்தனை ஆண்டு இடைவெளியைத் தாங்கி ஒரு படிப்பு முடியக்கூடும் என்பதை நான் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு.

பாடநூல்களைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். தொலைநிலைக் கல்விக்கென எழுதப்படும் நூல் வழக்கமான கல்லூரி நூலைப் போன்றதன்று. ஒவ்வொரு அலகின் தொடக்கத்திலும் நோக்கங்கள் இருக்கும். நான்கைந்து பக்கங்களுக்கு ஒருமுறை ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்று கேள்விகளும், அவற்றின் கீழே விடை எழுதுவதற்கான வெற்றுக் கோடுகளும் இருக்கும். விடைக் குறிப்புகள் அலகின் இறுதியில் வரும். அந்தக் கோடுகளில் பென்சிலால் எழுதிய பாடங்கள், ஓராண்டு கழித்துத் திறந்தபோதும் பிடிபட்டன. கோடுகள் வெற்றாகவே இருந்த அலகுகளை முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கான காரணத்தை விளக்குகிறது: படித்த பகுதியை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடத்திற்குப் பிந்தைய சோதனையில் முந்தினார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஆண்டுக்கணக்கில் நீளும் படிப்புக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை.

இந்த முறையின் உயிர்நாடி, வீட்டிலிருந்து விடை எழுதி அனுப்பும் ஒப்படைப்புதான் (அசைன்மென்ட்). தேர்வுக்கு அனுமதி பெறுவதற்கான சடங்காக அதை நினைத்து, கிடைத்த விடைத்தொகுப்பைப் பார்த்து எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு; அதனால் அவர்கள் இழப்பது அதிகம். வகுப்பறை இல்லாத படிப்பில், நம் சிந்தனையை ஓர் ஆசிரியர் வரி வரியாகப் படிக்கும் தருணம் அது ஒன்றுதான். தேவை நெகிழ்ச்சி, அதாவது விலை மாறும்போது ஒரு பொருளின் தேவை எந்த விகிதத்தில் மாறுகிறது என்பது, குறித்து நான் எழுதிய ஒரு விடையின் ஓரத்தில், ‘வளைகோட்டின் சாய்வும் நெகிழ்ச்சியும் ஒன்றல்ல, ஒரே நேர்கோட்டின் இரு புள்ளிகளில் கணக்கிட்டுப் பாருங்கள்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அன்றிரவே கணக்கிட்டேன். சாய்வு மாறாத கோட்டின்மீது நெகிழ்ச்சி புள்ளிக்குப் புள்ளி மாறுவதைக் கண்ணால் கண்டபோது கிடைத்த தெளிவு, அந்த அலகை எத்தனை முறை படித்திருந்தாலும் கிடைத்திராது. தொலைநிலைக் கல்வியில் தொலைவு என்பது நிலப்பரப்பைப் பொறுத்ததன்று, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையில் உரையாடல் குறையும் அளவைப் பொறுத்தது என்று மைக்கேல் மூர் என்ற கல்வியியலாளர் விளக்கியிருக்கிறார். என் அனுபவம் அதை முழுமையாக ஆமோதிக்கிறது. குறிப்பு எதுவும் இன்றி மதிப்பெண் மட்டும் இட்டுத் திரும்பிய ஒப்படைப்புகளும் வந்தன. அந்தத் தாள்கள்தான் எனக்கு மிகக் கடினமாக அமைந்தன.

நிர்வாகத்தைக் குறித்துப் பாராட்டிச் சொல்ல அதிகமில்லை. உரிய நாளுக்குள் ஒப்படைத்து ஒப்புகைச் சீட்டும் பெற்ற ஓர் ஒப்படைப்பின் மதிப்பெண் பதிவேற்றப்படாமலே போய், அந்தத் தாளின் முடிவு நெடுங்காலம் முழுமையடையாமல் நின்றது. சீட்டின் நகல் கையில் இருந்ததால் மட்டுமே அது சரிசெய்யப்பட்டது. பத்தாண்டுகளில் அலுவலர்கள் மாறுகிறார்கள், இணையதளம் மாறுகிறது, பதிவெண்ணின் வடிவம்கூட மாறுகிறது. ஆகவே கட்டண ரசீது, ஹால் டிக்கெட், மதிப்பெண் பட்டியல் என எல்லாவற்றையும் பட்டம் கைக்கு வரும்வரை மாணவரே பாதுகாக்க வேண்டும்.

இடைவெளி விடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலைப் பளு கூடிய ஒரு காலத்தில் படிப்பை முற்றிலும் நிறுத்திவைத்தேன். வேறொரு நெருக்கடியில் ஒரேயொரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு தொடர்ந்தேன். இரண்டும் ஒரே அளவு தாமதம்போலத் தோன்றினாலும் விளைவு வேறு. முற்றிலும் நிறுத்தியபோது புள்ளியியலுக்குத் தேவையான கணித அடிப்படை மறந்துபோய், அதை மீட்கவே தனியாகக் காலம் செலவிட வேண்டியிருந்தது. இதற்குள் பாடத்திட்டமும் திருத்தப்பட்டு, பழைய தாளுக்கு இணையான புதிய தாள் எது என்று கேட்டு எழுத நேர்ந்தது. உச்சக் கால வரம்பைத் தாண்டினால் கட்டணம் செலுத்தி மறுசேர்க்கை பெறும் வசதி பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, இல்லாத இடங்களும் உண்டு. சேரும் முன்பே விதிமுறையில் தேடிப் பார்க்க வேண்டிய வரி அது. பருவத்திற்கு ஒரு தாளாவது கையில் இருக்கட்டும் என்பதே என் உறுதியான பரிந்துரை.

தேர்வைப் பற்றி ஒன்றுதான். நாள் முழுவதும் விசைப்பலகையில் வேலை செய்கிறவருக்கு மூன்று மணி நேரம் கையால் எழுதுவது பெரும் சோதனை. இரண்டாவது மணி நேரத்தில் விரல்கள் இறுகி, எழுத்து கிறுக்கலாகிவிடுகிறது. தேர்வுக்கு முந்தைய சில வாரங்கள் முழு நீள விடைகளைக் கையால் எழுதிப் பழகியது, இறுதி நேரத் திருப்புதலைவிட அதிகம் உதவியது.

மெதுவாகப் படித்ததில் நான் எதிர்பாராத ஆதாயம் ஒன்று கிடைத்தது. பொருளியல் போன்ற பாடத்தை நிதானமாகப் படிக்கும்போது, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே உலகமும் மாறுகிறது. 1861 முதல் 1957 வரையிலான பிரிட்டனின் கூலி, வேலையின்மைப் புள்ளிவிவரங்களைக் கொண்டு ஏ.டபிள்யூ. பிலிப்ஸ் என்ற பொருளியலாளர் 1958இல் வரைந்த, வேலையின்மை குறையும்போது கூலி வேகமாக உயர்வதைக் காட்டும் வளைகோட்டை, விலைவாசி குறைவாக இருந்த ஆண்டுகளில் ஒரு சூத்திரமாகத்தான் படித்தேன். 2022இல் பல நாடுகளில் பணவீக்கம் வேகமாக ஏறி, மத்திய வங்கிகள் வட்டியை உயர்த்தத் தொடங்கியபோது, மேல்நிலைத் தாளில் அதே வளைகோட்டைச் சந்தித்தேன். வட்டியை உயர்த்தினால் வேலை இழப்பு எந்த அளவுக்கு இருக்கும் என்று நாளிதழ்களில் விவாதித்தார்கள்; அந்த விவாதத்தைப் பின்தொடர எனக்கு அப்போது முடிந்தது. மூன்றாண்டில் முடித்திருந்தால் அந்தப் பாடம் எனக்கு அப்படி அமைந்திருக்காது.

குறிப்பிட்ட தேதிக்குள் பட்டம் தேவைப்படுகிறவர்களுக்கு, அதாவது பதவி உயர்வுக்கோ போட்டித் தேர்வுக்கோ காத்திருப்பவர்களுக்கு, இந்த வேகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். முடிவுகளும் சான்றிதழும் வரும் காலத்தை நம் கையில் வைத்துக்கொள்ள இம்முறையில் வழியில்லை. பாடத்தின்மீது விருப்பம் இருந்து, காலக்கெடு இல்லாதவர்கள் தயங்காமல் சேரலாம். சேர்ந்தவுடன் தாள்களின் பட்டியலை எடுத்து, கணிதமும் புள்ளியியலும் உள்ளவற்றை முதலில் முடித்துவிடும்படி வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்.