முதல் தடவை உல்லாசக் கப்பலில் போகிறீர்களா? முழுக் காசையும் கட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள்

2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த உல்லாசக் கப்பல் காங்கேசன்துறையில் தரித்தது. அதே வருடம் ஒக்டோபரில் நாகபட்டினத்துக்குப் பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்களுக்குக் கடல்வழிப் பயணத்தில் ஆசை கூடிவிட்டது. விமான ரிக்கற் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த கடைகளும் இப்போது பெரிய கப்பல் படம் ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டி, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பயணங்களை விற்கின்றன. நல்ல பயணங்கள்தான். விற்கிற ஆட்கள் எல்லோரும் நல்லவர்கள் இல்லை.

யாழ் நகரில் அப்படி ஒரு ஏஜென்சியிடம் நாங்கள் குடும்பமாக ஏமாந்து வந்திருக்கிறோம். விசாரணை நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். வயதான தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

அம்மா, கணவர், மகள், நான் என்று நான்கு பேர். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பவும் சிங்கப்பூரில் இறங்கும் நான்கு இரவுப் பயணம். அம்மாவுக்கு முழங்கால் நோ. அதிகம் நடக்க மாட்டார், அறையிலிருந்தே கடலைப் பார்க்கட்டும் என்று யன்னல் உள்ள அறைதான் வேண்டும் என்றோம். அதற்கென்று ஏஜென்சிக்காரர் தலைக்கு ஒரு தொகை கூட்டிக் கேட்டார், கொடுத்தோம். விமான ரிக்கற்றோடு சேர்த்துப் பத்து இலட்சத்துக்கு மேல் போனது. சாப்பாடு, வரி, விசா வேலை பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதில்: "எல்லாம் சேர்த்துத்தான் அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." பற்றுச்சீட்டில் பேனாவால் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'கப்பல் பயணம், 4 பேர், முழுப் பணம்.' யன்னல் அறை என்று எழுதித் தாருங்கள் என்று கணவர் கேட்டார். "அது கம்பியூட்டரில் இருக்கு அண்ணை, இதில எழுதுறேல்லை" என்று பற்றுச்சீட்டைக் கிழித்துக் கையில் தந்துவிட்டார்.

பதிவு இலக்கத்தைப் பல தடவை கேட்டோம். கப்பல் கம்பனி பதிவு செய்த ஒவ்வொரு அறைக்கும் ஓர் இலக்கம் கொடுக்கும். அந்த இலக்கம், கடவுச்சீட்டில் உள்ள குடும்பப் பெயர், புறப்படும் திகதி மூன்றும் இருந்தால் கம்பனியின் இணையத்தளத்திலோ செயலியிலோ நீங்களே நுழைந்து பார்க்கலாம். எந்த வகை அறை, எந்தத் தளம், பெயர்கள் சரியா, கட்ட வேண்டிய மிச்சம் ஏதும் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும். இந்த இலக்கத்தைத்தான் அவர் கடைசி வரை தராமல் இழுத்தடித்தார். ஒரு நாள் சிஸ்டம் வேலை செய்யவில்லை, இன்னொரு நாள் கொழும்பிலிருந்து இன்னும் வரவில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் வண்டியில் போய்க்கொண்டிருக்கிறோம், வவுனியா தாண்டிய பிறகு வட்ஸ்அப்பில் வந்து விழுந்தது பயணப் பத்திரம். மகள் திறந்து வாசித்தாள். இரண்டு அறையும் உள் அறை, யன்னலே இல்லாதது. அம்மாவின் முழுப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை எழுத்து. கணவர் எடுத்த அழைப்புகளுக்குப் பதில் இல்லை. அப்புறம் ஒரு குரல் செய்தி மட்டும் வந்தது: "கப்பலுக்குப் போனதும் மாத்தித் தருவாங்கள் அக்கா, சொல்லி வைச்சிருக்கு."

கப்பலில் யாருக்கும் எதுவும் சொல்லி வைக்கப்படவில்லை. பயணிகள் சேவைக் கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்துச் சொன்னார்: ஏஜென்சி பதிவு செய்ததும் பணம் கட்டியதும் உள் அறைக்குத்தான். நாங்கள் முழுக் காசும் கொடுத்து மூன்று கிழமைக்குப் பிறகுதான் பதிவே நடந்திருக்கிறது. கப்பல் நிறைந்துவிட்டதால் மாற்றித் தரவும் இடமில்லை. கடலைப் பார்க்கவென்று கூட்டிக்கொண்டு போன அம்மா, கதவைச் சாத்தினால் இரவா பகலா என்று தெரியாத அறையில்தான் படுத்தார்.

விசா விஷயம் இதைவிட ஆபத்தானது. இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூரில் விசா தேவையில்லை. மலேசியாவுக்குத் தேவை. பினாங்கு மலேசியாவில் இருக்கிறது. ஏஜென்சிக்காரரிடம் கேட்டபோது, "இறங்காமல் கப்பலுக்குள்ள இருந்தால் விசா தேவையில்லை" என்றார். அதை நம்பிப் போயிருந்தால் சிங்கப்பூர்த் துறைமுகத்திலேயே எங்களைத் திருப்பியிருப்பார்கள். கப்பல் நிற்கும் எல்லா நாடுகளுக்கும் உரிய விசா கையில் இல்லாத பயணியை, இறங்கினாலும் இறங்காவிட்டாலும், ஏற்ற மறுக்கக் கம்பனிக்கு உரிமை உண்டு. காசும் திரும்பாது. மகள் கம்பனியின் நிபந்தனைகளை வரிவரியாக வாசித்ததால்தான் தெரிந்தது. மலேசிய மின்விசாவை நாங்களே விண்ணப்பித்துக் கடைசி நேரத்தில் எடுத்தோம். 'விசா வேலை' என்று அவர் ஏற்கெனவே எடுத்த காசு எதற்கு என்று இன்றுவரை பதில் இல்லை.

சிங்கப்பூர் வருகை அட்டை என்று ஒன்று இருக்கிறது. நாட்டுக்குள் நுழைவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் சிங்கப்பூர்க் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம். அதற்கும் எங்களிடம் தலைக்குக் காசு வாங்கியிருந்தார்.

இனிப் பெட்டி கட்டுவது பற்றி. இதில் பட்ட கஷ்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. கொண்டுபோக வேண்டிய சாமான்கள் என்று ஏஜென்சி முத்திரையோடு ஒரு தாள் தந்தார்கள். சுடுதண்ணீர் வைக்கச் சின்னக் கேத்தில், போன் சார்ஜ் பண்ண எக்ஸ்ரென்சன் வயர், மருந்துகள் எல்லாம் பெரிய சூட்கேஸுக்குள், கையில் பாரம் வேண்டாம் என்று அதில் இருந்தது. அப்படியே கட்டினோம்.

கப்பலில் பெரிய பெட்டிகளை நீங்கள் தூக்கிக்கொண்டு ஏறுவதில்லை. துறைமுக வாசலில் அறை இலக்க அட்டை கட்டி ஒப்படைத்துவிட்டால், அவர்கள் ஊடுகதிர் இயந்திரத்தில் விட்டுப் பார்த்து, பல மணி நேரம் கழித்து அறை வாசலில் வைப்பார்கள். கேத்தில், இஸ்திரிப் பெட்டி, சூடாகும் எந்தச் சாமானும் தடை. பெரும்பாலான கப்பல்களில் எக்ஸ்ரென்சன் வயரும் தடை. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை, அதனால் இதில் கம்பனிகள் இலேசில் விட்டுக்கொடுக்காது. மற்றப் பெட்டிகள் எல்லாம் வந்துவிட்டன, அம்மாவின் பெட்டி வரவில்லை. இரவுச் சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டது. அம்மா கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, "பிள்ளை, என்ரை குளிசைப் பை எங்கை?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் போடும் குளிசைகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள். கணவர் ஒவ்வொரு கவுண்டராக விசாரித்துக் கீழ்த்தளத்தில் பாதுகாப்பு அறையைக் கண்டுபிடித்துப் போனால், எங்கள் பெட்டி சிவப்பு நாடா கட்டி ஒரு மூலையில் இருந்தது. அவர்கள் முன்னால் திறந்து, கேத்திலையும் வயரையும் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் குளிசைப் பை கைக்கு வந்தது. அம்மாவுக்குத் தலைசுற்றத் தொடங்கிவிட்டது.

அதனால் குளிசைகளைப் பயண நாட்களுக்கு மேலாகவும் சில நாளைக்குச் சேர்த்து, வைத்தியரின் துண்டோடு கைப்பையில் வையுங்கள். கடவுச்சீட்டு, விசாப் பிரதி, பயணப் பத்திரம், ஒரு மாற்றுடுப்பு, மூக்குக்கண்ணாடி, சார்ஜர் எல்லாம் அந்தக் கைப்பைக்குள்தான் வர வேண்டும். கடைசி இரவும் இதே கதைதான். பெரிய பெட்டிகளை நள்ளிரவுக்கு முன் அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் உடுத்தும் உடுப்பையும் கடவுச்சீட்டையும் பெட்டிக்குள் பூட்டிவிடாதீர்கள். அறையில் இருக்கும் பிளக் எங்கள் ஊர் மூன்று முள் பிளக்குக்குப் பொருந்தாமல் போகலாம். வயர் இல்லாத சின்ன அடப்டர் ஒன்று போதும். ஏசி குளிர் கடுமை, வயதானவர்களுக்கு ஸ்வெட்டரும் காலுறையும் தேவை. தலைசுற்றுக் குளிசை, வழுக்காத செருப்பு. மற்றபடி உடுப்பைக் குறைத்துக் கட்டுங்கள்.

வீட்டில் செய்த கறி, சம்பல் போன்றவற்றைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள். கடையில் மூடி முத்திரையிட்ட மிக்சர், பிஸ்கட் வகைகளைப் பொதுவாக விடுவார்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்கள் இருந்தால் ஊரிலேயே சொல்லிவிடுங்கள்: மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். சிகரெட்டுக்கும் அங்கே தீர்வைச் சலுகை கிடையாது.

'எல்லாம் சேர்த்து' என்ற சொல் கப்பலின் கடைசி நாள் பில்லில் உடைந்து போகும். பெரும்பாலான பெரிய கம்பனிகள் ஊழியர் சேவைக்கென்று ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டொலர் வரை தாங்களாகவே கணக்கில் ஏற்றும். பிள்ளைகளுக்கும் அதே தொகைதான். 18 டொலர் என்று வைத்தால் நான்கு பேருக்கு நான்கு இரவு 288 டொலர். 300 ரூபா மதிப்பில் 86,400 ரூபா. அந்த ஊழியர்கள் உழைக்கிற உழைப்புக்கு அதைக் கொடுப்பதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அதுவும் சேர்த்துத்தான் என்று சொல்லி எங்களிடம் வாங்கிவிட்டு, கம்பனிக்குக் கட்டாமல் விட்டதை எப்படிப் பொறுப்பது? குடிவகை, இணைய வசதி, சில சிறப்பு உணவகங்கள் எல்லாம் தனிக் காசு. போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் வலையமைப்பைப் பிடித்தால் ரோமிங் கட்டணம் மிக அதிகம். வங்கி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிட்டுப் போங்கள். டெபிட் அட்டையைக் கொடுத்தால் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது விடுபடச் சில நாள் எடுக்கும்.

பினாங்கில் நகரச் சுற்றுலா என்று தனியாகக் காசு வாங்கியிருந்தார். எங்களை ஏற்ற ஒருவரும் வரவில்லை. வராததும் பரவாயில்லைதான், ஏனென்றால் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஜோர்ஜ் டவுன் நகருக்குள்ளேயே இருக்கிறது. லிட்டில் இந்தியா நடக்கிற தூரம். புக்கெட்டில் பெரும்பாலும் கப்பலை ஆழத்தில் நங்கூரமிட்டு, சின்னப் படகில் கரைக்கு இறக்குவார்கள். கால் ஏலாதவர்களுக்கு அந்தப் படகில் ஏறி இறங்குவது கஷ்டம் என்பதை ஏஜென்சிக்காரர் முதலே சொல்லியிருக்க வேண்டும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் நேரத்தைப் பார்த்துத் திரும்புங்கள், பிந்தினால் நிற்காது.

யாழ்ப்பாணத்தில் இருந்து போகிறவர்களுக்கு இன்னொன்று. கட்டுநாயக்காவுக்கே வீதியால் ஏழெட்டு மணி நேரம். கப்பல் புறப்படும் அன்று காலையில் சிங்கப்பூரில் இறங்கும் விமானத்தைப் போட்டுத் தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விமானம் பிந்தினால் கப்பல் போய்விடும். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே பதிவுக் கவுண்டரை மூடிவிடுவார்கள். ஒரு நாள் முன்னதாகப் போங்கள். சிங்கப்பூரில் மரீனா பே, ஹார்பர்ஃப்ரண்ட் என்று இரண்டு கப்பல் நிலையங்கள் உண்டு, எது என்று பத்திரத்தில் பாருங்கள். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே, தகப்பன் பெயர் உட்பட, முழுதாக இருக்க வேண்டும். அம்மாவின் அந்த ஒற்றை எழுத்துக்காகக் கவுண்டரில் அவரை நிற்க வைத்தே நீண்ட நேரம் விசாரித்தார்கள்.

ஊருக்கு வந்து கடைக்குப் போனால், "கப்பல்காரன் மாத்திப்போட்டான், நாங்கள் என்ன செய்யிறது" என்கிறார். பதிவுத் திகதியைக் காட்டியதும் பேச்சு மாறியது. வருகை அட்டைக்கு வாங்கிய காசை மட்டும் திருப்பித் தந்தார். மிச்சத்துக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழியைக் கேட்கலாம். பயண முகவர்கள் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்திருக்க வேண்டும், அந்தப் பதிவையும் முற்பணம் கொடுக்க முன்னரே கேட்டுப் பாருங்கள். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், குரல் செய்தி ஒன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். "கப்பலுக்குப் போனதும் மாத்தித் தருவாங்கள்" என்ற அந்தக் குரல் செய்தியைத்தான் எங்கள் முறைப்பாட்டோடு முதல் சான்றாகக் கொடுத்திருக்கிறோம்.